சுக்கான் சொல் கேட்காவிட்டால் எங்கே பார்ப்பது

2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜினை நம்பியிருக்கும் கரையில் அதன் பிறகு பாயைப் பற்றிப் பேச்சு எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாயை ஏற்றுவது அவ்வளவு பெரிய வேலையில்லை. என்ஜினுக்கென்று வார்த்த ஃபைபர் வள்ளத்தில் ஒரு சுக்கானைத் தொங்கவிட்டு, அதைக் கைக்கு அடங்க வைப்பதில்தான் ஆட்கள் களைத்துப் போகிறார்கள்.

இந்தக் குறிப்பு 17 அடியிலிருந்து 23 அடி வரையான வள்ளங்களுக்கு. பின்பலகையில் சுக்கான் தொங்கும், அதன் தலையில் ஒரு கட்டை செருகியிருக்கும், அந்தக் கட்டைதான் பிடி, அதைப் பிடித்து ஓட்டுவீர்கள். சில்லு, வயர் என்று எதுவும் இடையில் இல்லை. தொழிலுக்குப் போனாலும் சரி, இரணைதீவுப் பக்கம் சும்மா ஓடிவிட்டு வந்தாலும் சரி, வரும் கோளாறுகள் இவைதான்.

"பிடியைக் கொஞ்சம் நீட்டித் தாங்கோ" என்றுதான் முதலில் வள்ளம் கட்டும் ஓடாவியிடம் போய் நிற்பார்கள். அவரும் நீட்டிக் கொடுப்பார். அடுத்த கிழமை அதே கைவலி. பாயில், சுக்கான் பலகையில், பிணைச்சலில், என்ஜின் காலில் பிறக்கிற கோளாறெல்லாம் பிடி வழியாகத்தான் கைக்கு வந்து சேரும், அதனால் பழி பிடிமேல் விழுகிறது. ஆகவே கைக்கு என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கிக் கீழே தந்திருக்கிறேன். பிடியில் வாள் வைப்பது கடைசி வேலை.

வாள் எடுக்க முன் இரண்டு சோதனை

ஒன்று கரையில். வள்ளத்தை நிமிர்த்தி வைத்து, ஒருவர் சுக்கான் பலகையின் அடிப்பகுதியை இரண்டு முழங்காலுக்கு இடையில் இறுக்கிப் பிடிக்கட்டும். நீங்கள் பிடியின் நுனியை இடமும் வலமும் அசையுங்கள். பலகை அசையாமல் நுனி மட்டும் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து கொள்ளுங்கள். பிறகு அவரை விடச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் பிடியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்துப் பிடித்து வருகிறதா?

மற்றது தண்ணீரில். நடுத்தரக் காற்றில், காற்று பக்கவாட்டில் வரும்படி ஓடிக்கொண்டு, பிடியை மெதுவாக விடுங்கள். அணியம் (வள்ளத்தின் முன்முனை) காற்றை நோக்கித் திரும்பினால் ஒரு கணக்கு, காற்றுக்கு முதுகு காட்டப் போனால் வேறு கணக்கு. நேராகவே கொஞ்ச தூரம் போய்ப் பிறகு மெல்ல காற்றை நோக்கித் திரும்பினால் உங்கள் வள்ளத்தில் பெரிய குறையில்லை.

நேராக ஓடும்போது பிடியின் நுனி நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையும் பாருங்கள். 90 செ.மீ. நீளப் பிடியில் நுனி 8 செ.மீ. விலகினால் பலகை ஏறக்குறைய 5 பாகை திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அது நல்லது, கைக்கு உயிர் தெரியும். 25 செ.மீ. விலகினால் 16 பாகை. அந்த அளவில் சுக்கான் திருப்புவதைவிட இழுத்துப் பிடிக்கிற வேலையைத்தான் அதிகம் செய்யும். ஒரு மார்க்கர் பேனாவால் பின்பலகையின் மேல்விளிம்பில் பிடிக்கு நேரே கோடுகள் போட்டுவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது.

பிடி பாரம், கை சோர்கிறது

பலகை முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு எதைப் பார்ப்பதும் அதற்குப் பிறகு.

நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் எல்லாமே ஆழமில்லாத களப்புகள். மேற்கே நாச்சிக்குடா, விடத்தல்தீவுப் பக்கமும் கரையிலிருந்து வெகுதூரம் கோல் ஊன்றலாம். ஆகவே தரை தட்டினால் பின்னால் மடங்கும் பலகைதான் எங்களுக்குச் சரிவரும். அதில் ஒரு சிக்கல். சாதாளையிலோ (கடல் புல்) மணலிலோ தட்டிப் பலகை கொஞ்சம் பின்னால் சரிந்திருக்கும். ஆழத்துக்கு வந்த பிறகும் அதை யாரும் கவனிப்பதில்லை. பலகை தண்ணீருக்குள் 90 செ.மீ. இறங்குகிறது, அகலம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது நேராக நிற்கும்போது தண்ணீரின் தள்ளு கூடும் இடம் முன்விளிம்பிலிருந்து 7, 8 செ.மீ. பின்னால் இருக்கும். பலகை 30 பாகை பின்னால் சரிந்துவிட்டால் அந்த இடம் இன்னும் 20 செ.மீ.க்கு மேல் பின்னால் போய்விடும். பிணைச்சலிலிருந்து அது தூரப் போகப் போக, அதே தண்ணீர் உங்கள் கையைத் திருகும் பலம் மூன்று மடங்கைத் தாண்டும். கதவைப் பிணைச்சலோரம் தள்ளுவதற்கும் விளிம்பில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான், ஆனால் இங்கே விளிம்பில் நின்று தள்ளுவது தண்ணீர்.

மருந்து மலிவானது. பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு வேண்டும். அதைப் பிடியின் அடியில் ஓடவிட்டு ஒரு கொளுவியில் கட்டுங்கள். ஆனால் அந்தக் கயிறு முழுப் பலத்துடன் இருக்கக்கூடாது. நடுவில் ஒரு சாண் அளவுக்கு மெல்லிய நூலைச் சேர்த்து முடியுங்கள். சிறகுவலைக் கம்பிலோ கண்டல் வேரிலோ மோதினால் நூல் அறுந்து பலகை மடங்கும், பின்பலகை பிழைக்கும். நூலுக்குப் பதில் ரப்பர் பட்டி போடுவாருண்டு. எனக்கு அது பிடிக்காது. வேகம் கூடினால் ரப்பர் இழுபட்டுப் பலகை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகும், பாரம் திரும்ப வந்துவிடும், காரணமும் கண்ணுக்குத் தெரியாது.

பலகை நேரே நிற்கிறது, இன்னும் பாரம் என்றால் பாய்ப் பக்கம் வாருங்கள். தண்ணீர்ச் சோதனையில் அணியம் காற்றை நோக்கிப் பாய்ந்து திரும்பியதா? அப்படியானால் பாயின் பலம் வள்ளத்தில் அளவுக்கு மீறிப் பின்னால் விழுகிறது. பாயை இறுக்கவும் இளக்கவும் பிடிக்கிற தாமான் கயிற்றைக் கொஞ்சம் இளக்குங்கள். பாதிப் பேர் பாயை இறுக்கிக் கட்டிவிட்டு சுக்கானோடு மல்லுக்கட்டுகிறார்கள். இளக்கியும் போதவில்லையென்றால் பாயைச் சுருக்குங்கள். பருமல் (பாயைத் தாங்கும் குறுக்குத் தடி) கட்டின பாயென்றால் பருமலை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளிக் கட்டிப் பாருங்கள். பாய்மரத்தை நேராக்குவதும், கொஞ்சம் முன்னால் சாய்ப்பதும் அதே வேலையைச் செய்யும்.

வள்ளம் சரிந்து ஓடினாலும் இதே பாரம் வரும். சரிந்த வள்ளத்தில் பாய், உடலுக்கு வெளியே காற்று போகும் பக்கம் தொங்குகிறது. அங்கேயிருந்து இழுக்கும்போது அணியத்தைக் காற்றை நோக்கித் திருகும். ஆட்கள் காற்று வரும் பக்கம் வந்து உட்கார்ந்தாலே பிடி பாதியாக இலேசாவதைப் பார்க்கலாம். அணியத்தில் வலையையும் ஐஸ் பெட்டியையும் குவித்திருந்தால் அவற்றைப் பின்னுக்கு நகர்த்துங்கள். முன்பக்கம் ஆழ இறங்கிய வள்ளம் அங்கேயே ஊன்றிக்கொண்டு காற்றுக்குத் திரும்பும். வள்ளம் பக்கமாக நழுவாமல் இருக்கப் பக்கவாட்டில் மாட்டும் பலகை வைத்திருக்கிறவர்கள் அதையும் ஒரு அடி பின்னால் மாற்றி மாட்டிப் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுவது பலகையின் அமைப்பு. பலகை முழுவதும் பிணைச்சலுக்குப் பின்னால் இருந்தால் தண்ணீருடைய தள்ளு முழுக்கக் கைக்கு வரும். பரப்பில் பத்தில் ஒரு பங்கு, கூடினால் 15 சதவீதம், பிணைச்சல் கோட்டுக்கு முன்னால் இருக்கும்படி செய்தால் அந்தப் பகுதி உங்களுக்குத் துணையாகத் தள்ளும். 25 செ.மீ. அகலப் பலகைக்கு அது இரண்டு விரல் அகலம். புதுப் பலகை வெட்டத் தேவையில்லை. மடங்கும் பலகையைக் கீழே தடுத்து நிறுத்தும் கட்டையைக் கொஞ்சம் செதுக்கினால் பலகை நேர்கோட்டைத் தாண்டி முன்னுக்கு வரும். 20 சதவீதத்தைத் தாண்டப் போகாதீர்கள். பிடி தானாகவே ஒரு பக்கம் பாய்ந்து விழுகிற அளவுக்கு அது கொண்டுபோய் விடும், அதைவிடப் பாரமே மேல்.

கரையில் ஒற்றை விரல் சோதனையில் பிடித்துப் பிடித்து வந்ததென்றால் உராய்வு. கிறீஸ் பூசுவது ஒரு நாள் மருந்து. எங்கள் மணல் கரைகளில் இழுத்து ஏற்றும் வள்ளத்தில் கிறீஸ் மணலைச் சேர்த்து அரைக்கும் பசையாகிவிடும். நைலோன் புஷ் போட்டவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நைலோன் தண்ணீரைக் குடித்து ஊதும். காய்ந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு ஓடின பிணைச்சல் சில நாள் நனைந்த பிறகு இறுகிப்போகும். சமையலறையில் காய் வெட்டும் தடித்த பிளாஸ்ரிக் பலகை ஊதாது. அதில் வட்டமாக வெட்டி வாசராகப் போடுவது கடையில் வாங்குவதைவிடச் சிறந்தது.

சரி, இப்போது பிடியின் நீளத்துக்கு வரலாம். 90 செ.மீ. பிடியில் 8 கிலோ பாரம் தெரிந்தால் 120 செ.மீ. பிடியில் அது 6 கிலோவாகும். அவ்வளவுதான் இலாபம். அதற்கு விலையாக நுனி வீசும் தூரமும் கூடும், வள்ளத்தின் பின்பாதியில் ஆள் உட்கார இடம் இருக்காது. யாராவது தடுமாறி நீளப் பிடிமேல் விழுந்தால் சுக்கான் தலையில் விழும் திருகும் கூடுதல். 110 செ.மீ.க்கு மேல் போக 20 அடி வள்ளத்தில் நான் காரணம் காணவில்லை.

விட்டால் காற்றுக்கு முதுகு காட்டுகிறது

கை நோகாது. பிடி இலேசாக இருக்கும். அதனால் யாரும் இதைக் கோளாறாக நினைப்பதில்லை. ஆனால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட ஆபத்து இதில்தான். பிடி கையை விட்டு நழுவினால் வள்ளம் காற்றுக்கு முதுகைக் காட்டி, பாய் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு அடித்து வீசும். அந்தப் பருமலின் வழியில் தலை இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாயைப் பின்னுக்குத் தள்ளுங்கள், பாய்மரத்தைக் கொஞ்சம் பின்னால் சாயுங்கள், பின்பக்கச் சுமையைக் குறையுங்கள். இது சரியாகும்வரை சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) பலமாக வீசும் நாளில் வெளியே போக வேண்டாம்.

பிடி ஆடுகிறது, டொக் டொக் என்று அடிக்கிறது

கரைச் சோதனையில் அளந்த ஆட்டம் இங்கே உதவும். பிடியைச் சுக்கான் தலையோடு பிணைக்கும் போல்ட், சுழலும் கோட்டிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைப்போம். அந்த ஓட்டையில் 1 மி.மீ. தேய்மானம் இருந்தால் 1 மீற்றர் நீளப் பிடியின் நுனியில் அது 20 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். அதனால் நுனியில் இரண்டு விரல் ஆட்டம் கண்டதும் சுக்கான் கழன்றுவிடப் போகிறது என்று பயப்படத் தேவையில்லை. போல்ட்டை ஒரு அளவு தடித்ததாக மாற்றினால் ஆட்டம் நிற்கும், ஆனால் ஆறு மாதத்தில் மரம் மறுபடி விரியும். நின்று பிடிக்கும் வழி இது: ஓட்டையைப் போல்ட்டைவிட இரண்டு மடங்கு அகலமாகத் துளைத்து, மரத்தை நன்றாகக் காயவிட்டு, எபொக்சி பசையில் மரத்தூள் கலந்து அடைத்து, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் துளையுங்கள். வள்ளம் வார்க்கிற சாதாரண ரெசின் மரத்தோடு நீண்டநாள் ஒட்டாது, இந்த வேலைக்கு எபொக்சியே வேண்டும். தண்ணீர் ஓட்டைவழியாக மரத்துக்குள் ஏறுவதும் இதோடு நிற்கும்.

ஆட்டம் தலையில் இல்லை, பிணைச்சலில் என்றால் உலோகத்தைப் பார்க்க வேண்டும். ஹாட்வெயார் கடைப் பித்தளை போல்ட் உப்புத்தண்ணீரில் நிற்காது. அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் பஞ்சுபோல மிஞ்சும். சுரண்டிப் பார்த்தால் மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு தெரியும். தெரிந்தால் அன்றைக்கே கழற்றி எறியுங்கள், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உடையும் நிலையில் அது இருக்கும். ஸ்டெயின்லெஸ் நல்லதுதான், ஆனால் காற்றுப் படாமல் ஈர மரத்துக்குள் புதைந்து கிடக்கும் பகுதியில் அதுவும் அரிபடும். போல்ட் தலையடியில் பழுப்பு நிறம் வழிந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று கழற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். துத்தநாகம் பூசின இரும்புத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவதும் வேண்டாம், தகட்டின் பூச்சு முதலில் போய்விடும். இரண்டும் ஒரே உலோகமாக இருந்தால் பிரச்சினை பாதி குறையும்.

அப்படியே பின்பலகையையும் தட்டிப் பாருங்கள். ஃபைபருக்குள் மரம் வைத்து வார்த்திருக்கும் வள்ளங்கள் உண்டு. போல்ட் ஓட்டையைச் சீல் பண்ணாமல் விட்டிருந்தால் அந்த மரம் உள்ளே நனைந்து உளுத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டும்போது ஓரிடத்தில் கணீரென்றும் போல்ட்டைச் சுற்றி மந்தமாகவும் சத்தம் வந்தால், சுக்கானை விட்டுவிட்டு முதலில் பின்பலகையைச் செய்ய வேண்டும்.

ஓடும்போது பிடி முனகுகிறது, அதிர்கிறது

மெதுவாகப் போகும்போது ஒன்றுமில்லை, வேகம் ஏறினால் பிடியில் ஒரு ரீங்காரம். முதலில் பலகையில் சாதாளையோ அறுந்த தங்கூசியோ (நைலோன் நூல்) சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமாக இருந்தும் அதிர்ந்தால் பலகையின் பின்விளிம்பைப் பாருங்கள், அநேகமாக உருண்டையாக இருக்கும். உருண்டை விளிம்பிலிருந்து தண்ணீர் ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் சுழித்துச் சுழித்து விலகும், அதுதான் அதிர்வு. பின்விளிம்பை 3 மி.மீ. தடிப்புக்கு மெலித்து, நுனியை ஒரு பக்கமாகச் சாய்வாக அராவினால் அடங்கும். முன்விளிம்பை மட்டும் உருண்டையாகவே விடுங்கள்.

காற்று ஒரு பக்கமென்றால் கேட்கிறது, மறு பக்கமென்றால் கேட்கவில்லை

என்ஜின் வள்ளத்துக்குப் பாய் ஏற்றியவர்களிடம் மட்டும் காணும் கோளாறு இது. பின்பலகையின் நடு இடம் என்ஜினுக்குப் போய்விடுவதால் சுக்கானை ஒரு பக்கமாக, 30 செ.மீ. அளவில் தள்ளி மாட்டியிருப்பார்கள். சுக்கான் இடது பக்கம், காற்றும் இடது பக்கம் என்றால் வள்ளம் வலப்புறம் சரியும். சுக்கான் தண்ணீரை விட்டு மேலெழும். பிறகு நீங்கள் எந்தப் பிடியைப் பிடித்தும் பயனில்லை.

பலகையை 15, 20 செ.மீ. ஆழமாக்குவது ஒரு வழி, களப்புக்கு அது ஒத்துவராது. நான் சொல்வது இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான். சுக்கான் நடுவுக்கு வரட்டும். என்ஜின் பக்கத்தில் ஒரு தூக்குச் சட்டத்தில் போகட்டும். 8 குதிரைவலு, 9.9 குதிரைவலு என்ஜினைப் பக்கத்தில் மாட்டலாம். 25, 40 என்றால் பாரம் தாங்காது, அந்த வள்ளத்துக்கு என்ஜின் நடுவில் இருக்கட்டும், பாய் சும்மா ஒத்தாசைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாயில் ஓடும்போது வள்ளம் எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் என்ஜின் காலைத் தூக்க மறந்திருப்பீர்கள். தண்ணீருக்குள் கிடக்கும் கால் ஒரு இரண்டாவது சுக்கான், அதுவும் கோணலாக நிற்பது.

என்ஜினில் மெதுவாகப் போகும்போது சுக்கான் கேட்கவில்லையென்றால் அது கோளாறே இல்லை. பக்கத்தில் மாட்டிய என்ஜின் தள்ளும் தண்ணீர் சுக்கான் பலகையில் படாது. துறைக்குள் வரும்போது என்ஜினின் பிடியைத் திருப்புங்கள், அல்லது ஒரு அலுமினியக் குழாயால் இரண்டு பிடியையும் இணைத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே பக்கம்தான் தள்ள வேண்டும் என்பதால் இணைப்பில் குழப்பம் வராது. பாயில் போகும்போது கழற்றக்கூடிய கொளுவியாக இருக்கட்டும்.

காற்றைக் குறுக்கே தாண்டித் திரும்பும்போது நின்றுவிடுகிறது

பிடியை ஒரேயடியாக ஓரம்வரை தள்ளுகிறீர்கள். பலகை பிரேக் போட்டது போலாகி, வேகம் செத்து, அணியம் காற்றுக்குள் மாட்டிக்கொள்கிறது. நல்ல வேகம் எடுத்த பிறகு மெதுவாகத் தொடங்கி, வள்ளம் திரும்பிக்கொண்டு வர வர அதிகமாக்குங்கள். தட்டை அடி ஃபைபர் வள்ளம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், முன்பாயைக் கடைசிவரை இளக்காமல் பிடித்தால் அது அணியத்தைத் தள்ளித் திருப்பும்.

தரை தட்டினதும் சுக்கான் கழன்று போய்விட்டது

சுக்கான் தன் பாரத்தில் வளையங்களில் உட்கார்ந்திருக்கிறது என்று விட்டிருப்பார்கள். அடியில் தட்டினால் மேலே எழும்பும், எழும்பினால் கழலும். மேல் ஆணிக்கு மேலே ஒரு சின்னத் தகடோ, ஆணியின் நுனியில் ஒரு பிளவு ஊசியோ போதும். ஒரு கயிற்றால் வள்ளத்தோடு கட்டியும் வையுங்கள். இன்னொன்று: கீழ் ஆணி மேல் ஆணியைவிட இரண்டு செ.மீ. நீளமாக இருக்க வேண்டும். அலையில் ஆடிக்கொண்டு இரண்டு ஆணியையும் ஒரே நேரத்தில் இரண்டு வளையத்திலும் செருகுவது நடக்கிற காரியமில்லை. நீளமானது முதலில் போய் உட்கார்ந்தால் மற்றது தானாக வரும்.

முழங்காலில் இடிக்கிறது, முன்னால் போய் உட்கார முடியவில்லை

பிடியை உண்மையிலேயே மாற்ற வேண்டிய இடம் இது. நேர்க்கட்டைப் பிடி பின்பலகையிலிருந்து கிடையாக வரும்போது உட்கார்ந்திருப்பவரின் முழங்காலை அடிக்கும். மேலே வளைந்து வரும் பிடி வேண்டும், நுனி உட்கார்ந்தவரின் தொடைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். சுக்கான் தலையில் இரண்டு போல்ட் போட்டு இறுக்குவதைவிட ஒரே 10 மி.மீ. போல்ட்டில் மாட்டினால் நங்கூரம் போட்டு நிற்கும்போது பிடியை மேலே தூக்கிவிடலாம், வலை இழுக்க இடம் கிடைக்கும்.

மரம் பூவரசு. வளைந்த கிளை தேடினால் மரத்தின் நரம்பு வளைவோடு ஓடும், வாளால் வளைவாக அறுத்த பலகை அந்த இடத்தில்தான் பிளக்கும். பாலையும் முதிரையும் எங்கள் காட்டு மரங்கள், சாகாத மரங்கள், ஆனால் பாரமும் அதிகம், துளைக்கத் துளைக்கத் துளையலகு புகையும். அனுமதியில்லாமல் வெட்டுவதும் ஏற்றுவதும் வழக்கில் போய் முடியும் என்பதால், பழைய கதவு நிலைக் கட்டை கிடைத்தால் அதைப் பார்க்கலாம். தேக்கு மெல்லிய பட்டிகளாகச் சீவி, எபொக்சி தடவி, ஒரு வளைந்த அச்சில் இறுக்கிக் காயவைத்தால் மிக அழகான பிடி வரும். செலவும் வரும். தலைப் பக்கம் 5 செ.மீ. உயரம், கை படும் நுனியில் 3 செ.மீ. உருண்டை என்று மெலித்துக்கொண்டு வாருங்கள். வார்னிஷ் எங்கும் அடிக்கலாம், கை பிடிக்கும் இடத்தில் அடிக்காதீர்கள், ஈரக்கையில் வழுக்கும். அங்கே தங்கூசியைச் சுற்றி வரிந்துவிடுவது போதும்.

காற்றுப் பக்கம் நகர்ந்து உட்கார வேண்டுமென்றால் பிடியின் நுனியில் ஒரு நீட்டுத் தடி பொருத்துங்கள். மூங்கில் போதும், கரண்ட் வயர் இழுக்கும் பிவிசி குழாயும் போதும். மூட்டுக்கு என்ஜினின் பழைய ரப்பர் குழாய்த் துண்டு ஒரு சாண் எடுத்து இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினால் எந்தத் திசையிலும் மடங்கும். விலை கொடுத்து வாங்கும் மூட்டு இதைவிட ஒன்றும் கூடுதலாகச் செய்வதில்லை.

ஒரு நிமிடம் கையை விட முடியவில்லை

பிடியை இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டி வைப்பது காற்று மாறாதவரை வேலை செய்யும். காற்று ஒரு மூச்சு கூடினாலும் வள்ளம் வழி மாறும். இதைவிட நல்ல ஏற்பாட்டுக்கு ஒரு கப்பி, கொஞ்சம் கயிறு, பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து நீளவாக்கில் வெட்டின ஒரு பட்டி போதும்.

தாமான் கயிற்றிலிருந்து ஒரு கிளைக் கயிற்றை எடுத்து, காற்று வரும் பக்க விளிம்பில் கட்டின கப்பி வழியாகப் பிடிக்குக் கொண்டுவந்து கட்டுங்கள். எதிர்ப் பக்கத்தில், காற்று போகும் பக்க விளிம்புக்கும் பிடிக்கும் இடையே ரியூப் பட்டியைக் கட்டுங்கள். காற்று கூடினால் பாய் தாமானை இன்னும் பலமாக இழுக்கும், தாமான் பிடியைக் காற்று வரும் பக்கம் இழுக்கும், காற்றை நோக்கிப் போகப் பார்த்த அணியம் விலகி வரும். காற்று குறைந்தால் ரப்பர் பிடியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பட்டியின் இழுவையைச் சரிசெய்யக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு பட்டி போதாவிட்டால் இரண்டாகப் போடுங்கள். ரப்பரை விரலால் சுண்டினால் தளர்ந்திருக்கக் கூடாது, பிடியைக் கையால் அசைக்கவே முடியாத அளவுக்கு இறுகியும் இருக்கக் கூடாது. பக்கக் காற்றிலும் காற்றை எதிர்த்து ஓடும்போதும் இது அருமையாக நிற்கும். பின்காற்றில் நம்பாதீர்கள். மேலே சொன்ன, காற்றுக்கு முதுகு காட்டும் வள்ளத்தில் கட்டவே கூடாது. பிடியை வலுக்கட்டாயமாக ஒரு இழுவையில் விடுவிக்கக்கூடிய முடிச்சாகக் கட்டுங்கள், தனியே இருப்பவர் தவறி விழுந்தால் இந்த ஏற்பாடு வள்ளத்தை அவரை விட்டுவிட்டு நேராகக் கொண்டுபோகும். தனியே போகும்போது உயிர்காப்புச் சட்டையும், இடுப்பிலிருந்து வள்ளத்துக்கு ஒரு கயிறும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

நடுக்கடலில் பிடி முறிந்தது

பாயை உடனே இறக்குங்கள் அல்லது பாதியாகச் சுருக்குங்கள். சுக்கான் தலை முழுசாக இருந்தால் அந்தச் சதுர ஓட்டைக்குள் நுழையக்கூடிய எதுவும் பிடிதான். தலையும் போய்விட்டால் சவளை (துடுப்பை) எடுத்துப் பின்பலகையின் ஒரு மூலையில் கயிற்று வளையத்தில் மாட்டி, பலகைப் பக்கம் தண்ணீரில் இருக்க ஓட்டலாம். கை கடுக்கும், ஆனால் சிறிய பாயோடு கரை வரும். என்ஜின் இருந்தால் அதுவே சுக்கான்.

இதற்காகச் சவளின் கைப்பிடி முனையைச் சுக்கான் தலையின் ஓட்டை அளவுக்குச் சதுரமாகச் செதுக்கி வைத்துக்கொள்ளலாம். அது உள்ளே போகிறதா, போல்ட் ஓட்டை நேருக்கு நேர் வருகிறதா என்பதைக் கரையில் ஒருமுறை செருகிப் பார்த்துவிடுங்கள். ஊதின மரம் அரை மி.மீ. பெரிதாக இருந்தாலும் அலையில் நின்று செதுக்க முடியாது.